போர்விமானம் தரையை எப்படித் தாக்குகிறது? உச்சிப்புளிப் பக்கம் என்னிடம் கேட்ட கேள்விகள்

விமானப்படையில் ஆயுதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். பைலட் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறக்கைக்கு அடியில் குண்டை மாட்டிவிட்டு, பாதுகாப்பு பின்களைக் கழற்றி எண்ணி, சிவப்புத் துணி தொங்கும் அந்தக் கொத்தைப் பைலட்டுக்குத் தூக்கிக் காட்டுகிற ஆள். விமானம் போன பிறகு அது திரும்பி வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

ஊரில் டீக்கடையோ மீன் ஏலக்கூடமோ கல்யாண வீடோ, எங்கே உட்கார்ந்தாலும் கேள்வி வரும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் கேட்கவே வேண்டாம். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

உச்சிப்புளியில் இருந்து கிளம்புகிறதே, அது போர்விமானமா?

இல்லை. ராமநாதபுரம் பக்கத்தில் உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் விமானத் தளம். 2009இல் அந்தப் பெயர் வந்தது. அங்கே பறப்பவை இரண்டு புரொப்பெல்லர் வைத்த டோர்னியர், ஹெலிகாப்டர், ஆளில்லா விமானம். எல்லாமே கடலைக் கண்காணிப்பதற்கு. பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்: பருந்தும் பாதி நேரம் வட்டமடித்துப் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்.

நிஜமான போர்விமானம் வேண்டுமென்றால் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். 2020 ஜனவரியில் விமானப்படையின் 222ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) அங்கே சுகோய்-30 விமானங்களோடு வந்து இறங்கியது. ஏறக்குறைய இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையை வயிற்றுக்கு அடியில் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை அவை. தேஜஸ் பார்க்க வேண்டுமானால் கோவைக்குப் பக்கத்தில் சூலூர்.

திடீரென்று வெடிச்சத்தம் கேட்டு ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. எங்கேயாவது குண்டு போட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது, அதாவது கடல்மட்டத்தில் மணிக்குச் சுமார் 1,230 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது, காற்று நெருக்குண்டு வரும் அலை அது. சத்தம் காதில் விழும்போது விமானம் எங்கேயோ போயிருக்கும்.

போர்விமானம் என்றால் வானத்தில் இன்னொரு விமானத்தோடு சண்டை போடுவதுதானே? தரையை அடிப்பதற்குத் தனியாகக் குண்டுவீச்சு விமானம் இல்லையா?

இருக்கிறது. ஆனால் போர் வந்தால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. முதல் உலகப் போரிலேயே, சண்டைக்கென்று கட்டிய சின்ன விமானங்களைத் தாழப் பறக்கவிட்டுப் பதுங்குகுழிகளைச் சுட வைத்தார்கள்.

நமக்குப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. எதிர்த்துக் கிளம்பிய விமானங்களில் முக்கியமானது ஹரிக்கேன். அப்போது அதன் வேலை வானச் சண்டை. இரண்டே வருஷம் கழித்து 1944இல் இம்பாலில், அதே ஹரிக்கேனை நம் விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டியது. தலைமை அர்ஜன் சிங். அங்கே அதன் வேலை தாழப் பறந்து ஜப்பான் படைகளை வேவு பார்ப்பதும் அடிப்பதும்.

இங்கிலாந்தின் டைஃபூன் கதை இன்னும் வேடிக்கை. எதிரி விமானத்தைத் துரத்திப் பிடிக்கக் கட்டினார்கள். உயரே போனால் மூச்சு வாங்கியது. ஆனால் தாழப் பறக்கும்போது பேய் வேகம். சரி, இதைத் தரைக்கே விடுவோம் என்று இறக்கைக்கு அடியில் எட்டு ராக்கெட் மாட்டினார்கள். அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட்டும் அப்படித்தான்: உயரத்தில் சண்டை போடப் பிறந்து, பிரான்சின் சாலைகளில் லாரிகளை வேட்டையாடி முடித்தது.

மேலே இருந்து ஒரு குண்டைப் போடுவதில் அப்படி என்ன கஷ்டம்? மாங்காய் விழுகிற மாதிரி நேராக விழாதா?

எல்லோரும் தவறாக நினைப்பது இதைத்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். ஒரு போர்விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில், 300 மீட்டர் உயரத்தில், பாம்பன் முனையில் இருந்து மண்டபம் முனைக்குப் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 250 மீட்டர். பாலத்தைக் கடக்க எட்டு நொடி.

பாம்பன் முனைக்கு நேர் மேலே பைலட் குண்டை விடுகிறான். அது கீழே வர ஏறக்குறைய எட்டு நொடி ஆகும். விமானத்தின் வேகம் குண்டுக்கும் இருப்பதால், அந்த எட்டு நொடியும் முன்னால் போய்க்கொண்டேதான் விழும். காற்றின் தடையை விட்டுவிட்டால், விழும் இடம் மண்டபம் முனை! பாலத்தின் இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் போய் விழுகிறது. பைலட்டின் விரல் ஒரு நொடி தாமதித்தால் குண்டு 250 மீட்டர் தள்ளிப் போகும். பத்தில் ஒரு நொடி என்றால் 25 மீட்டர். நம் ஊரில் 25 மீட்டர் என்பது பக்கத்து வீடு.

இன்னொரு சிக்கலும் உண்டு. குண்டு வெடிக்கும்போது விமானம் அதற்கு நேர் மேலேதான் இருக்கும். தன் குண்டின் சிதறல் தன்னையே அடிக்கும். அதனால் தாழப் பறந்து போடுகிற குண்டின் வாலில் சின்னப் பாராசூட்டோ விரியும் இறகோ வைப்பார்கள். அது குண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க, விமானம் தப்பித்துவிடும். குண்டை வெடிக்கவைக்கும் கருவிக்குப் பியூஸ் என்று பெயர். அதில் ஒரு சின்னக் காற்றாடி இருக்கும். விமானத்தில் இருந்து பிரிந்த பிறகுதான் அது சுழலும், இத்தனை சுற்று சுற்றினால்தான் குண்டுக்கு உயிர் வரும். ரொம்பத் தாழ்வாகப் போட்டால் சுற்று முடிவதற்குள் தரை வந்துவிடும். வெடிக்காத குண்டாக மண்ணில் புதைந்து கிடக்கும்.

இப்போதைய விமானங்களில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது. நம்மிடம் 1971 வரைக்கும் போட்டது பைலட்டின் கண்ணும் கையும்தான்.

அப்போ பீரங்கியால் சுடுவது சுலபமா?

சுடுகிற நேரம் எவ்வளவு என்று பாருங்கள். சுகோய்-30இல் 30 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, குண்டுகள் 150. நிமிடத்துக்கு 1,500 குண்டு சுடும். வகுத்துப் பாருங்கள், ஆறு நொடியில் பெட்டி காலி. தரையை அடிப்பதற்கென்றே அமெரிக்கர்கள் கட்டிய ஏ-10 விமானத்தில் ஏழு குழல் பீரங்கிக்கு 1,174 குண்டு. அதுவே தொடர்ந்து சுட்டால் 18 நொடிதான். சினிமாவில் ஐந்து நிமிடம் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். எங்கள் பிரிவு ஆட்கள் தியேட்டரில் சிரிப்பது அந்த இடத்தில்தான்.

கீழே இருந்து சுட்டால் விமானம் விழுந்துவிடாதா?

விழும். தாழப் பறப்பவனைத் துப்பாக்கி வைத்திருக்கிற எவனும் சுடலாம்.

புல்லட் வண்டியையும் காரையும் நினைத்துக்கொள்ளுங்கள். புல்லட் இன்ஜினைக் காற்றே குளிர்விக்கிறது. காருக்கு ரேடியேட்டர் வேண்டும். ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் கார் எவ்வளவு தூரம் ஓடும்? இரண்டாம் உலகப் போரில் மஸ்டாங் விமானத்துக்கு இருந்த பலவீனம் அதுதான். வானத்தில் ராஜா, ஆனால் வயிற்றுக்கு அடியில் இருக்கும் குளிர்விப்பு அமைப்பில் ஒரு தோட்டா பட்டால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இறுகிவிடும். தண்டர்போல்ட் காற்றால் குளிரும் இன்ஜின் உள்ளது. அடி வாங்கிக்கொண்டும் வீடு வந்து சேர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ரஷ்யர்கள் வேறு வழி பார்த்தார்கள். இல்-2 விமானத்தில் இன்ஜினையும் பைலட்டையும் சேர்த்து எஃகுக் கவசத்துக்குள் வைத்தார்கள். 36,000க்கும் மேல் கட்டினார்கள், விழுந்ததும் ஆயிரக்கணக்கில். ஏ-10இல் பைலட் உட்காருவது டைட்டானியத் தொட்டிக்குள்.

லோங்கேவாலாவில் நாலு விமானம் ஒரு டாங்கிப் படையையே நிறுத்தியதாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலா காவல் நிலையைப் பாகிஸ்தான் டாங்கிகள் நெருங்கின. அங்கே இருந்தது மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் பஞ்சாப் ரெஜிமென்டின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். ஜெய்சல்மரில் ஹண்டர் விமானங்கள் தயாராகத்தான் நின்றன. ஆனால் ஹண்டரால் இருட்டில் தரை இலக்கைத் தேடி அடிக்க முடியாது. விடியும்வரை காலாட்படைதான் தாங்கியது.

விடிந்ததும் ஹண்டர்கள் வந்தன. ஆளுக்கு நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கி, கூடவே ராக்கெட். டாங்கிகளுக்கு மேலே விமானப் பாதுகாப்பு இல்லை. ஒளிய ஒரு கருவேலமரம்கூட இல்லை. மணலில் டாங்கியின் தடம் கோடு இழுத்த மாதிரி தெரியும். தடத்தின் நுனியில் டாங்கி. கூடவே ராணுவத்தின் கிருஷக் என்ற சின்ன விமானத்தில் மேஜர் ஆத்மா சிங் மெதுவாகப் பறந்து, எது எங்கே இருக்கிறது என்று ஹண்டர்களுக்குச் சொன்னார். என்னைக் கேட்டால் அந்தச் சின்ன விமானத்தைத்தான் அதிகம் பேச வேண்டும். அடிக்கிறவனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கிறவன் இல்லையென்றால் ஹண்டர் வெறும் வேகம்.

மேலே பாதுகாப்பு இல்லாமல் நாம் அடிபட்ட கதையையும் சொல்ல வேண்டும். 1965 செப்டம்பர் 1ஆம் தேதி காஷ்மீரின் சம்ப் பகுதியில் நம்முடைய பழைய வாம்பயர் விமானங்களைத் தரைத்தாக்குதலுக்கு அனுப்பினார்கள். பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் மேலே வந்துவிட்டன. ஒரே மாலையில் நாலு வாம்பயர் போனது.

பைலட் "இத்தனை டாங்கியை அழித்தேன்" என்று சொல்வதை நம்பலாமா?

அவன் பொய் சொல்வதில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறான். பார்த்தது புகையும் தூசியும்.

1944 ஆகஸ்டில் பிரான்சின் நார்மண்டியில் டைஃபூன்களும் தண்டர்போல்ட்டுகளும் ஜெர்மன் டாங்கிகளை நூற்றுக்கணக்கில் அழித்ததாகக் கணக்குச் சொன்னார்கள். சண்டை ஓய்ந்த பிறகு ஆங்கிலேயரின் ஆய்வுக் குழு அந்த வயல்களில் நடந்துபோய், ஒவ்வொரு டாங்கியாகப் பார்த்தது. ராக்கெட் பட்டுச் செத்தவை சொன்ன கணக்கில் ஒரு சிறு பகுதிதான். நிறைய டாங்கிகள் எண்ணெய் தீர்ந்தோ, உள்ளே இருந்தவர்கள் பயந்து இறங்கி ஓடியோ, அப்படியே நின்றன. ஆனால் லாரிகள் எரிந்து கிடந்தன. எண்ணெய் லாரி எரிந்தால் டாங்கி தானே நிற்கும். ஆக விமானம் ஜெயித்தது உண்மை, ஜெயித்த விதம்தான் வேறு.

கார்கிலில் முதல் இரண்டு நாளில் ஏன் விமானங்களை இழந்தோம்?

1999 மே 26இல் விமானத் தாக்குதல் தொடங்கியது. 27ஆம் தேதி ஒரு மிக்-27, ஒரு மிக்-21. 28ஆம் தேதி ஒரு எம்.ஐ.-17 ஹெலிகாப்டர். மிக்-27 போனது இன்ஜின் அணைந்து. மற்ற இரண்டும் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்குப் பலி.

உடனே பாடம் கற்றார்கள்: அந்த ஏவுகணை எட்டாத உயரத்துக்குப் போ. ஆனால் உயரப் போனால் கீழே இருப்பது தெரியாது. பனிமலையில் பாறையோடு பாறையாகப் பதுங்கிய பதினைந்து பேரை எப்படிப் பார்ப்பது? கூடவே, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசு உத்தரவு. காற்று வேறு மெலிசு. சமவெளியில் பழகிய குண்டுக் கணக்கு அங்கே தப்பும். மிக்-21 ஓட்டியவர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவியும் ஸ்டாப் வாட்சும் வைத்துக்கொண்டு குண்டு போட்டார்கள்.

கடைசியில் கை கொடுத்தது மிராஜ்-2000. ஜூன் 24ஆம் தேதி டைகர் ஹில்லில் லேசர் வழிகாட்டும் குண்டைப் போட்டது. விமானத்தில் மாட்டிய கருவி வழியே இலக்கைத் திரையில் பார்த்து, அதன் மேல் லேசர் புள்ளியை வைத்துக்கொண்டே இருப்பார்கள், குண்டு அந்தப் புள்ளியைத் தேடிப் போகும். அன்று கூடப் பறந்த விமானம் ஒன்றில் விமானப்படைத் தளபதி டிப்னிஸே உட்கார்ந்திருந்தார்.

1987இல் நம் தலைக்கு மேலே போனவையும் மிராஜ்தானா?

ஆமாம். ராமேஸ்வரத்துப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஜூன் 3ஆம் தேதி ஏறக்குறைய இருபது படகுகளில் யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள் கிளம்பியது. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் பெங்களூரில் இருந்து ஐந்து ஏ.என்.-32 சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் மூட்டைகளைப் பாராசூட்டில் இறக்கின. ஆபரேஷன் பூமாலை என்று பெயர். மிராஜ்கள் துணைக்குப் போனவை. தரையை அடிக்க அல்ல, யாராவது மறித்தால் பார்த்துக்கொள்ள.

"எங்கட ஊரில பொம்மர், சகடை, புக்காரா எண்டு சொல்லுவம். அதெல்லாம் என்ன பிளேன் தம்பி?"

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் அம்மா கேட்டது. மற்றவர்கள் செய்தியில் படித்துவிட்டுக் கேட்கிறார்கள், இவர் அந்தக் குண்டுகளுக்கு அடியில் இருந்தவர். அம்மா, முடிந்தவரை சொல்கிறேன்.

பொம்மர் என்றால் பாம்பர், குண்டு போடுகிற விமானம். இலங்கை விமானப்படைக்கு 1985 முதல் வந்தது சியாய் மார்செட்டி. இத்தாலிக்காரர்கள் பயிற்சிக்கென்று கட்டிய சின்னப் புரொப்பெல்லர் விமானம். அதில் ராக்கெட்டும் குண்டும் மாட்டினார்கள். புக்காரா அர்ஜென்டினாவில் செய்தது. இரட்டை இன்ஜின், தரையைத் தாக்குவதற்கென்றே பிறந்தது. 1982இல் ஃபாக்லாந்துப் போரில் அர்ஜென்டினா அதைப் பயன்படுத்தியது. தொண்ணூறுகளில் இலங்கை நாலு வாங்கியது. 1996இல் இஸ்ரேலின் கிஃபிர் வந்தது, 2000இல் மிக்-27. இவை இரண்டும் ஜெட், சத்தம் கேட்கும்முன்னே வந்துவிடும். நீங்கள் சகடை என்றது மெதுவாக ஊர்ந்து வரும் சரக்கு விமானம். அதில் குறிபார்க்கும் கருவி கிடையாது. பீப்பாயில் வெடிமருந்தை அடைத்துக் கதவு வழியே தள்ளுவது. அதை நான் தாக்குதல் என்றுகூடச் சொல்லமாட்டேன். கீழே ஊர் இருக்கிறது என்று தெரிந்தே தள்ளுவது அது.

பங்கரை, அதாவது பதுங்குகுழியை, ஏன் 'ட' மாதிரி வளைத்து வெட்டினோம் என்றும் கேட்டார். குண்டுச் சிதறல் நேர்கோட்டில் போகும், வளைவில் திரும்பாது. வாசலில் வெடித்தாலும் வளைவுக்கு அப்பால் இருப்பவர் தப்பலாம். இதை உங்களுக்கு எந்த ராணுவமும் வந்து சொல்லித்தரவில்லை.

1995 ஜூலை 9ஆம் தேதி யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்ததில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, தேதியை மட்டும் சொன்னார்.

கீழே இருப்பது யார் என்று பைலட்டுக்குத் தெரியுமா?

மணிக்கு 900 கிலோமீட்டரில் போகிறவனுக்கு, யாராவது சொன்னால்தான் தெரியும். தன் ஆட்களையே அடையாளம் தெரியாமல் அடித்த கதைகள் ஏராளம். 1944 ஜூலை 25ஆம் தேதி நார்மண்டியில் அமெரிக்கக் குண்டுகள் அமெரிக்கப் படை மேலேயே விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் மெக்நேர் என்ற ஜெனரலும் ஒருவர். அதே ஆண்டு ஜூனில் பிரான்சில் இறங்கியபோது, சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்று நேச நாட்டு விமானங்களின் இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டியிருந்தார்கள்.

இதற்காகத்தான் தரையில் படையோடு ஓர் ஆளை ரேடியோவோடு வைக்கிறார்கள். "ஆற்றுக்கு வடக்கே, ஒற்றைப் பனைக்கு இடப்பக்கம்" என்று அவன் சொல்வான். பைலட் தான் பார்ப்பதைத் திருப்பிச் சொல்வான். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குண்டோடு திரும்பி வர வேண்டும். குண்டோடு வந்த விமானத்தில் மறுபடி பின்களைச் சொருகும் வேலை எங்களுடையது. அதைச் சலித்துக்கொண்டவர்களும் உண்டு. நான் சலித்துக்கொண்டதில்லை.

நம்ம படகு மேலே இருந்து தெரியுமா, அண்ணே?

கையை நீட்டி ஓர் அரிசிமணியைப் பிடித்துப் பாருங்கள். அதில் பாதி. மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்து 15 மீட்டர் விசைப்படகு வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஓடுகிற படகுக்குப் பின்னால் வெள்ளையாக நுரைத்தடம் நீளுமே, அது நன்றாகத் தெரியும். லோங்கேவாலா மணலில் டாங்கித் தடம் மாதிரி. ரேடாரும் கேமராவும் இருந்தால் இரவிலும் தப்பாது. ஆனால் படகு தெரிவது ஒன்று, படகில் இருப்பது யார் என்று தெரிவது வேறு.

இனிமேல் எல்லாம் ட்ரோன்தானே?

பாதி சரி. ட்ரோன் மணிக்கணக்கில் ஒரே இடத்தைச் சுற்றிப் பார்க்கும். அந்தப் பொறுமை போர்விமானத்துக்குக் கிடையாது. உச்சிப்புளியிலேயே 2012 முதல் ஆளில்லா விமானங்களுக்கென்று கடற்படை ஸ்குவாட்ரன் இருக்கிறது. ஆனால் இரண்டரை டன் ஏவுகணையைத் தூக்கிக்கொண்டு போக இன்னும் சுகோய்தான் வேண்டும்.

வலையிலோ கரையிலோ குண்டு மாதிரி ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது?

என் தொழிலுக்கு நேரான கேள்வி இதுதான், ஆனால் கேட்டது ஒரே ஒரு பையன்.

தொடாதீர்கள். துருப்பிடித்ததால் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் வெடிமருந்துக்குத் துரு ஏறாது, பியூஸ்தான் பழசாகும். பழசான பியூஸ் எந்த அசைவுக்கு வெடிக்கும் என்று போட்டவனுக்கே தெரியாது. பழைய இரும்புக் கடையில் பித்தளைக்கு நல்ல விலை வரும் என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கிற ஆட்கள் உண்டு, அவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். கரையில் என்றால் குச்சி நட்டு ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். வலையோடு வந்துவிட்டால் படகில் ஏற்றாமல் வலையை அறுத்து விடுங்கள். வலைக்காசு போகும், போகட்டும். அறுத்த இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொண்டு, கடலோரப் பாதுகாப்புப் போலீஸுக்கு 1093இல் சொல்லுங்கள். கடலுக்குள் இருந்து கூப்பிடுவதானால் கடலோரக் காவல்படை எண் 1554.